பேரரசர் வருவார், போவார்: பிற்கால ரோமில் அரியணையும் பிரபுக் குடும்பங்களும்

கி.பி. 388-ஆம் ஆண்டு. சிம்மாக்கஸ் என்ற ரோம் நகர செனட்டர், மாக்னஸ் மாக்சிமஸ் என்ற பேரரசரை வானளாவப் புகழ்ந்து ஓர் உரை நிகழ்த்தினார். அந்தக் காலத்து லத்தீன் மேடைப்பேச்சில் முதல் வரிசையில் இருந்தவர் அவர். உரை நன்றாகத்தான் இருந்திருக்கும். சிக்கல் புகழப்பட்ட ஆளிடம் இருந்தது. மாக்சிமஸ் ஐந்து வருடம் முன்பு பிரிட்டனில் கலகம் செய்து எழுந்த தளபதி. கிரேஷியன் என்ற இளம் பேரரசரின் சாவுக்குக் காரணமானவர். இப்போது கிரேஷியனின் தம்பியையும் இத்தாலியிலிருந்து துரத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அதே வருடம் கோடையில் கிழக்குப் பகுதியை ஆண்ட பேரரசர் தியடோசியஸ் படையோடு வந்து மாக்சிமஸைத் தோற்கடித்தார். மாக்சிமஸின் தலை போயிற்று. சிம்மாக்கஸ் ஓடிப்போய் ஒரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார். இத்தனைக்கும் அவர் கிறிஸ்தவர் அல்லர், ரோமின் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்.

அடுத்து என்ன நடந்திருக்கும்? சொத்துப் பறிமுதல், நாடு கடத்தல், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது என்று நினைப்போம். மன்னிப்புக் கேட்டார், மன்னிக்கப்பட்டார். அதோடு நிற்கவில்லை. 391-இல் அதே தியடோசியஸ் அவரைக் கான்சல் ஆக்கினார். கான்சல் என்பது வருடத்துக்கு இரண்டே பேருக்குக் கிடைக்கும் பதவி. அந்தக் காலத்தில் அதற்குப் பெரிதாக வேலை ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வருடமே அந்த இருவர் பெயரால்தான் குறிக்கப்படும். அரச குடும்பத்தில் பிறக்காத ஒருவர் எட்டக்கூடிய உச்சி அது. அந்த வருடம் பிப்ரவரியில் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடை செய்து தியடோசியஸ் ஒரு சட்டம் போட்டார். சட்டத்தின் அடியில் வழக்கப்படி தேதி எழுதியாக வேண்டும்: தாதியானஸும் சிம்மாக்கஸும் கான்சல்களாக இருக்கும் ஆண்டு. இரண்டு பேருமே பழைய தெய்வங்களின் பக்தர்கள்.

படை முழுவதும் தன் கையில் இருந்த ஒரு பேரரசர், எதிரியைப் புகழ்ந்து பேசிய, வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு செனட்டரை ஏன் இப்படி உயர்த்த வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் பிற்கால ரோமின் அரசியல் பாதி புரிந்துவிடும். பிற்கால ரோம் என்று இங்கே சொல்வது, ஏறத்தாழ கி.பி. 284-இல் டயோக்ளீஷியன் பதவிக்கு வந்ததிலிருந்து ஆறாம் நூற்றாண்டு வரையிலான காலத்தை.

பேரரசர் இல்லாத தலைநகரம்

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலாம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசர் ரோமில் வசிக்கவில்லை.

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் பேரரசரும் செனட்டும் ஒரே ஊரில் இருந்தார்கள். செனட்டர்கள் மாகாணங்களை ஆண்டார்கள், படைகளை நடத்தினார்கள், விருந்துகளில் பேரரசரோடு உட்கார்ந்தார்கள், சில சமயம் அவரைக் கொல்லவும் சதி செய்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் எல்லாம் கலைந்தது. 235-க்கும் 284-க்கும் இடையில் இருபதுக்கு மேற்பட்ட பேரரசர்கள் வந்துபோனார்கள். பெரும்பாலோர் இயற்கையாகச் சாகவில்லை. எல்லையில் ஓயாத போர். 260-களில் கல்லியேனஸ் என்ற பேரரசர் செனட்டர்களைப் படைத்தலைமையிலிருந்து விலக்கினார் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே உத்தரவில் நடந்ததோ, மெல்ல மெல்ல நடந்ததோ, விளைவு ஒன்றுதான். அதற்குப் பிறகு வாள் தொழில்முறைப் படைவீரர்களிடம் போயிற்று. அவர்களிலிருந்து பேரரசர்கள் வந்தார்கள்.

இவர்களில் பலர் டான்யூப் நதிப் பக்கத்து எளிய குடும்பங்களில் பிறந்தவர்கள். 364-இல் பேரரசரான முதலாம் வாலண்டினியனின் அப்பாவுக்குக் கயிற்றுக்காரர் என்று பட்டப்பெயர். இளவயதில் அவர் கையிலிருந்த கயிற்றை ஐந்து படைவீரர்கள் சேர்ந்து இழுத்தும் பிடுங்க முடியவில்லையாம். நூற்றாண்டுக் கணக்கில் வம்சப் பெருமை பேசிய ரோம் குடும்பங்கள் இப்படிப்பட்ட ஒருவரின் மகன் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த மகனுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

இந்தப் பேரரசர்கள் போர்முனைக்குப் பக்கத்தில் இருந்தார்கள்: டிரையர், மிலான், சிர்மியம், அந்தியோக்கியா. 330-இல் கான்ஸ்டன்டைன் தன் பெயரிலேயே கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தைத் திறந்துவைத்தார். மேற்கின் அரசவை 402-இல் சதுப்பு நிலம் சூழ்ந்த ரவென்னாவுக்குக் குடிபோயிற்று. ரோமுக்குப் பேரரசர் வருவதே திருவிழாக் காட்சி ஆகிவிட்டது. 357-இல் இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் முதல் முறையாக அந்த ஊருக்கு வந்தபோது, தேரில் சிலைபோல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்று அம்மியானஸ் எழுதுகிறார். இந்த அம்மியானஸ் அந்தியோக்கியாக்காரர், முன்னாள் படை அதிகாரி, நாலாம் நூற்றாண்டைப் பற்றி நமக்கிருக்கும் மிகச் சிறந்த சாட்சி. வாய் சற்று நீளம் என்பதால் படிக்கவும் சுவையாக இருக்கும்.

ஆக, ரோமில் பேரரசர் விட்டுப்போன இடத்தில் மிஞ்சியவர்கள் பிரபுக்கள்தான்.

தங்கம் எவ்வளவு?

அவர்களிடம் என்ன இருந்தது? நிலம். இத்தாலி, சிசிலி, வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின் என்று கடல்தாண்டியும் பரந்து கிடந்த நிலம். ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒலிம்பியோடோரஸ் ஒரு கணக்குத் தருகிறார். ரோமின் பெரிய குடும்பங்களுக்கு வருடத்துக்கு 4000 ராத்தல் தங்கம் வருமானம். தானியமும் திராட்சை மதுவுமாக வருவதை விற்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் கூடும். இரண்டாம் நிலைக் குடும்பங்களுக்கு 1000 முதல் 1500 ராத்தல். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். அப்படியானால் 4000 ராத்தல் என்பது சுமார் 1300 கிலோ தங்கம். ஒரு வருடத்துக்கு! கணக்கு கொஞ்சம் ஊதிப்போனதாகவே இருக்கட்டும். பாதியாகக் குறைத்தாலும் மலைப்பு குறையாது.

இந்தப் பணத்தை எதில் செலவழித்தார்கள் என்பது இன்னும் சுவையான விஷயம். செனட்டர் மகன் இளம் வயதிலேயே குவெஸ்டர், பிறகு பிரேட்டர் என்ற பதவிகளை ஏற்க வேண்டும். ஒருகாலத்தில் இவற்றுக்கு நிஜமான நிர்வாகப் பொறுப்பு இருந்தது. இப்போது முதன்மையான கடமை, ஊருக்குச் சொந்தச் செலவில் விளையாட்டுகளும் வேட்டைக் காட்சிகளும் நடத்துவது. சிம்மாக்கஸ் தன் மகன் பிரேட்டரானபோது 2000 ராத்தல் தங்கம் செலவழித்தார். அவரை ஒலிம்பியோடோரஸ் நடுத்தர வசதிக்காரர் என்றுதான் குறிப்பிடுகிறார். மாக்சிமஸ் என்ற இன்னொருவர் (முதலில் பார்த்த கலகக்காரர் அல்லர்) தன் மகனுக்காக 4000 ராத்தல் கொட்டினாராம்.

சிம்மாக்கஸின் கடிதங்கள் தொள்ளாயிரத்துக்கு மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் இந்த விளையாட்டு ஏற்பாடுகளின் தலைவலி கிடந்து தவிக்கிறது. ஸ்பெயினிலிருந்து பந்தயக் குதிரைகள் வர வேண்டும், முதலைகள் தீனி எடுக்க மாட்டேன் என்கின்றன, கப்பல் தாமதமாகிறது. ஒரு கடிதத்தில் சாக்சன் கைதிகள் 29 பேர் அரங்கில் சண்டையிட்டுச் சாவதற்கு முந்தியே ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டு இறந்துபோனதைச் சொல்கிறார். அந்த மனிதர்களுக்காக ஒரு சொல் வருத்தமும் இல்லை. நிகழ்ச்சி கெட்டுப்போயிற்றே என்ற எரிச்சல்தான். நாகரிகமும் கல்வியும் நிறைந்த மனிதர் என்று நாம் அவரை மெச்சிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கடிதம் கண்ணில் படும்.

சரி, இவ்வளவு செலவழித்து அவர்கள் வாங்கியது எதை? மதிப்பை. மதிப்பின் சாவி பேரரசரிடம் இருந்தது.

பதவி என்ற நாணயம்

கான்ஸ்டன்டைன் செனட்டின் கதவைத் திறந்துவிட்டார். அவருக்குப் பிறகு பேரரசு முழுவதும் செனட்டர் தகுதி பெற்றவர்கள் பெருகினார்கள். எல்லோரும் ஒரே பட்டத்தோடு இருந்தால் அதில் என்ன பெருமை? ஆகவே பட்டத்துக்குள் படிகள் வந்தன. கீழ்ப்படியில் கிளாரிசிமுஸ், அது பிறப்பாலேயே வரும். அதற்கு மேல் ஸ்பெக்டாபிலிஸ். உச்சியில் இல்லுஸ்திரிஸ். மேல் இரண்டு படிகளுக்கும் பிறப்பு போதாது. பேரரசர் கொடுக்கும் உயர்பதவி ஒன்றை வகித்திருக்க வேண்டும். எந்தப் பதவிக்கு எந்தப் பதவி மேல் என்பதை முதலாம் வாலண்டினியன் 372-இல் சட்டம் போட்டே வரிசைப்படுத்தினார். பழைய குடும்பத்துச் செனட்டரும், அரசவை அதிகாரியும், படைத்தளபதியும் ஒரே ஏணியில் ஏற்றப்பட்டார்கள். ஏணியைப் பிடித்திருந்தவர் பேரரசர்.

இதில் பேரரசருக்கு என்ன லாபம் என்று பார்த்தால், நிறைய. பிரபுவின் நிலத்தைப் பேரரசர் கொடுக்கவில்லை. அது தாத்தா காலத்துச் சொத்து. ஆனால் பக்கத்து வீட்டுப் பிரபுவைவிடத் தான் ஒரு படி மேலே நிற்க வேண்டுமென்றால் அவர் அரசவையைத்தான் பார்த்தாக வேண்டும். பேரரசர் தங்கமே செலவழிக்காமல் பெரும் செல்வர்களைத் தன்னோடு கட்டிப்போட முடிந்தது.

பிரபுவுக்கும் பதவியால் பெருமை மட்டும் கிடைக்கவில்லை. பெட்ரோனியஸ் புரோபஸ் என்று ஒருவர். அனிசியா என்ற பெரிய குலத்தில் பெண்ணெடுத்தவர். பேரரசின் எல்லாப் பகுதியிலும் நிலம் உள்ளவர். நியாயமாகச் சேர்த்ததா இல்லையா என்று தீர்ப்பளிக்கத் தனக்குத் தகுதியில்லை என்று அம்மியானஸ் நைசாக நழுவுகிறார். புரோபஸ் பலமுறை பிரிட்டோரியன் பிரிஃபெக்ட்டாக இருந்தார். இது படை அல்லாத நிர்வாகத்தில் பேரரசருக்கு அடுத்த நிலை. வரி வசூல், மேல்முறையீட்டு வழக்கு எல்லாம் அதன் கீழ் வரும். பதவி இல்லாத நாட்களில் அவர் தண்ணீருக்கு வெளியே கிடக்கும் மீனாய்த் துடித்தாராம். காரணத்தையும் அம்மியானஸ் சொல்கிறார்: அவரை அண்டிப் பிழைத்த உறவுகளும் ஆட்களும் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. அவர்களுடைய வழக்குகளையும் வில்லங்கங்களையும் மூடி மறைக்கப் பதவி தேவைப்பட்டது. அதிகாரியாக இருக்கும் உறவினர் ஒருவர் எதற்கெல்லாம் பயன்படுவார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பிரபுக்கள் முழுநேர அதிகாரிகளாக மாற விரும்பவில்லை. சிம்மாக்கஸ் வாழ்நாளில் தென் இத்தாலியில் ஆளுநர், ஆப்பிரிக்காவில் புரோகான்சல் (அதுவும் ஆளுநர் பதவிதான்), ரோம் நகர ஆளுநர், கான்சல் என்று பதவிகள் வகித்தார். எல்லாவற்றையும் கூட்டினால் சில வருடங்கள்தான் தேறும். வந்து, பட்டத்தை வாங்கிக்கொண்டு, நாட்டுப்புற மாளிகைக்குத் திரும்பிவிடுவார்கள். மிச்ச நேரத்தில் கடிதம் எழுதுவார்கள். சிம்மாக்கஸின் கடிதங்களில் செய்தியே இல்லை என்று படிப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நலம் விசாரிப்பு, இன்னாருக்கு உதவுங்கள் என்ற சிபாரிசு, மறுபடி நலம் விசாரிப்பு. அந்தச் சிபாரிசுகள்தான் விஷயமே என்பது என் எண்ணம். ரிக்கோமெரஸ், பவுட்டோ போன்ற பிராங்கு இனத் தளபதிகளுக்கும் அவர் எழுதினார். பிறகு மேற்கின் படைத்தலைவர் ஸ்டிலிக்கோவுக்கும். குலப்பெருமை வேறு, அரசவையில் ஆள் வைத்திருப்பது வேறு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நடுவில் நிற்கும் ஊர் மக்கள்

பேரரசருக்குச் செனட்டர்கள் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணம் ரோம் நகரமே. லட்சக்கணக்கான வாயுள்ள ஊர். ஆப்பிரிக்காவிலிருந்து தானியக் கப்பல் வராவிட்டால் கலவரம். பேரரசர் இல்லாத இந்த ஊரைக் கட்டிமேய்க்கும் பொறுப்பு நகர ஆளுநருடையது. பெரும்பாலும் உள்ளூர்ப் பிரபு ஒருவரைத்தான் அதில் உட்கார வைப்பார்கள். மேலே பேரரசரின் கோபம், கீழே பசித்த கூட்டம். சராசரியாக ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் அதிகம்.

சிம்மாக்கஸின் அப்பா நகர ஆளுநராக இருந்து நல்ல பெயர் எடுத்தவர். பதவி முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு கூட்டம் அவருடைய வீட்டைக் கொளுத்தியது. மக்கள் எதிர்பார்க்கும் விலைக்குத் தன் மதுவை விற்பதைவிட அதை ஊற்றிச் சுண்ணாம்புச் சூளையை அணைப்பேன் என்று அவர் சொன்னதாக யாரோ கிளப்பிவிட்டார்கள். லம்பாடியஸ் என்ற இன்னொரு ஆளுநர், தான் எச்சில் துப்பினால்கூட யாரும் அப்படித் துப்ப முடியாது என்று புகழ வேண்டுமென எதிர்பார்க்கும் ரகம் (அம்மியானஸ்தான், வேறு யார்). கட்டட வேலைக்கு இரும்பும் ஈயமும் வெண்கலமும் எடுத்துக்கொண்டு காசு கொடுக்காததால் அவர் வீட்டையும் எரிக்க வந்தார்கள். ஓடிப்போய் ஆற்றுப் பாலத்தருகே ஒளிந்துகொண்டார்.

விளையாட்டுகளுக்குக் கொட்டிய தங்கத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அது வீண் ஜம்பமும்தான். கூடவே, ஊர் அமைதிக்காகப் பேரரசருக்குப் பதில் பிரபுக்கள் கட்டிய பணமும்கூட.

கை மீறிய தருணங்கள்

இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்போதும் சுமுகமாக ஓடியது என்று நினைக்க வேண்டாம். 369 வாக்கில் தொடங்கி ரோமில் ஒரு பயங்கரம் நடந்தது. வாலண்டினியனின் அதிகாரி மாக்சிமினஸ், சூனியம், விஷம், கள்ள உறவு என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் செனட்டர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் விசாரிக்க ஆரம்பித்தார். செனட்டர்களைச் சித்திரவதை செய்யக்கூடாது என்பது பழைய விதி. அது காற்றில் பறந்தது. பலருக்கு மரண தண்டனை. கடைசியில் மூன்று செனட்டர்கள் தூதாகப் போய், எங்களைச் சித்திரவதைக்கு உட்படுத்த வேண்டாம் என்று பேரரசரிடம் வேண்டினார்கள். அப்படி நான் உத்தரவே போடவில்லை, இது அவதூறு என்று வாலண்டினியன் கத்தினார். பக்கத்திலிருந்த யூப்ராக்சியஸ் என்ற அதிகாரி, உத்தரவு போட்டது உண்மைதான் என்று பணிவோடு எடுத்துச் சொன்னார். அப்புறம் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. யூப்ராக்சியஸின் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வாலண்டினியன் 375-இல் இறந்ததும் பதினாறு வயதே ஆன கிரேஷியனின் ஆலோசகர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, மாக்சிமினஸைக் கொன்றது. செனட்டர்களுக்கு அனுப்பிய சமாதானச் செய்தி அது. சிம்மாக்கஸ் செனட்டில் எழுந்து புதிய காலம் பிறந்தது என்று கொண்டாடினார். புகழ்ந்து பேசும் வாய்ப்பை அவர் தவறவிடுவதில்லை.

மதச் சண்டைக்கு வருவோம். செனட் கூடும் மண்டபத்தில் வெற்றித் தேவதையின் பீடம் ஒன்று அகஸ்டஸ் காலத்திலிருந்து இருந்தது. கிரேஷியன் 382-இல் அதை எடுக்கச் சொன்னார். பழைய பூசாரிகளுக்கான அரசு மானியத்தையும் நிறுத்தினார். 384-இல் நகர ஆளுநராக இருந்த சிம்மாக்கஸ், கிரேஷியனின் தம்பியான சிறுவன் இரண்டாம் வாலண்டினியனுக்கு ஒரு மனு எழுதினார். அவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே வழியில் சென்று அடைய முடியாது என்ற அவருடைய வாக்கியம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மிலான் ஆயர் ஆம்புரோஸ், இதற்குச் சம்மதித்தால் நீங்கள் தேவாலயத்துக்கு வரும்போது அங்கே குருவே இருக்க மாட்டார் என்று பேரரசரை மிரட்டினார். பீடம் திரும்பி வரவில்லை.

பாடப்புத்தகங்கள் இதைக் கிறிஸ்தவமும் பழைய மதமும் மோதிய மாபெரும் போராகக் காட்டுவது வழக்கம். எனக்கு இதில் கண்ணில் படுவது வேறு. ஆம்புரோஸே செனட்டர் குலத்துக்காரர். நாம் மேலே பார்த்த புரோபஸின் கீழ் அதிகாரியாகத் தொடங்கி, மிலான் பகுதி ஆளுநராகி, அங்கிருந்து ஆயரானவர். இரண்டு வருடம் முன்பு இதே கோரிக்கை எழுந்தபோது அதை எதிர்த்து மனுக் கொடுத்த கிறிஸ்தவச் செனட்டர்களும் இருந்தார்கள். மனுவில் தோற்ற சிம்மாக்கஸுக்கு அந்தஸ்தில் ஒரு குறையும் வரவில்லை. மதம் வேறாக இருந்தாலும் ஒரே வகுப்பு, ஒரே படிப்பு, ஒரே நில வருமானம்.

இப்போது 391-க்குத் திரும்பலாம். மாக்சிமஸ் இத்தாலியைப் பிடித்தபோது ரோம் செனட்டர்களுக்கு என்ன வழி இருந்தது? அவர்களிடம் படை இல்லை. நிலத்தைச் சுருட்டிக்கொண்டு ஓட முடியாது. யார் வந்தாலும் வரவேற்பு உரை படிப்பதுதான் நடைமுறை. இது தியடோசியஸுக்கும் தெரியும். சிம்மாக்கஸைத் தண்டித்தால் அவரோடு உறவிலும் கடிதத்திலும் பிணைந்த பாதி மேற்கத்தியப் பிரபுக்கள் அடுத்த கலகக்காரனை ஆவலோடு எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். மன்னித்தால் அத்தனை பேரும் கடன்பட்டவர்கள். தியடோசியஸ் ஸ்பெயினில் பிறந்தவர், கிழக்கில் ஆண்டவர். மேற்கில் அவருக்கு வேர் இல்லை. ஒரு கான்சல் பதவிக்கு இவ்வளவு ஆதரவு கிடைக்குமானால் அது மலிவு.

எல்லை எங்கே என்பதைக் காட்டியவர் சிம்மாக்கஸின் நண்பரும் சம்பந்தியுமான நிக்கோமாக்கஸ் ஃபிளாவியானஸ். அடுத்த கலகக்காரர் யூஜீனியஸ் வந்தபோது அவர் வரவேற்பு உரையோடு நிற்கவில்லை. உயர்பதவி ஏற்று, போருக்கும் துணை போனார். 394 செப்டம்பரில் ஃபிரிஜிடஸ் ஆற்றங்கரையில் தியடோசியஸ் வென்றதும் தற்கொலை செய்துகொண்டார். சிம்மாக்கஸின் மருமகனான அவருடைய மகனிடம், அப்பா வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். தண்டனை அவ்வளவுதான். ஐந்தே வருடத்தில் அந்த மகன் ரோம் நகர ஆளுநர் ஆனார். 431-இல் இறந்துபோன அப்பாவின் பெயருக்கும் மரியாதை மீட்கப்பட்டு, டிராஜன் சதுக்கத்தில் பேரரசர்களின் கடிதம் பொறித்த சிலை எழுந்தது. துரோகியின் குடும்பத்தின் மேலிருந்த கறை நாற்பது வருடத்துக்குள் முழுவதுமாகத் துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. அந்த ஏற்பாடு எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மலிவு யாருக்கு?

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. 397-இல் ஆப்பிரிக்காவில் கில்டோ என்ற தளபதி கலகம் செய்து தானியத்தை நிறுத்தியபோது படைக்கு ஆள் வேண்டும் என்று செனட்டர்களின் பண்ணைகளிலிருந்து கேட்டார்கள். செனட்டர்கள் முணுமுணுத்து, கடைசியில் ஆளுக்குப் பதில் தங்கமாகக் கொடுக்க அனுமதி வாங்கினார்கள். பண்ணையில் வேலைக்கு ஆள் குறைந்தால் அவர்களுக்கு நஷ்டம். அரசுக்கோ படை வேண்டியிருந்தது.

408-இல் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தின் தலைவர் அலாரிக்குக்கு 4000 ராத்தல் தங்கம் தர வேண்டும் என்று ஸ்டிலிக்கோ செனட்டில் கேட்டார். இது சமாதானம் அல்ல, அடிமை ஒப்பந்தம் என்று ஒரு செனட்டர் கத்திவிட்டு, பயந்துபோய் நேரே தேவாலயத்தில் போய் ஒளிந்தார். அந்த 4000 ராத்தல், பெரிய குடும்பம் ஒன்றின் ஒரு வருட வருமானம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த வீரவசனம் வேறு மாதிரி ஒலிக்கும். சில மாதங்களில் ஸ்டிலிக்கோ கொல்லப்பட்டார். அலாரிக் ரோமை முற்றுகையிட்டார். மீட்பு விலை 5000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 4000 பட்டாடைகள், 3000 சிவப்புத் தோல்கள், 3000 ராத்தல் மிளகு. அந்த மிளகு சேர நாட்டுக் கரையோரத்திலிருந்து கடல் தாண்டிப் போனது; அக்காலத்து ரோமானியச் செப்புக் காசுகள் கரூர், மதுரை, இலங்கை மண்ணில் இன்றும் கிடைக்கின்றன. 410-இல் ரோம் சூறையாடப்பட்டது.

பிரபுக்களின் கஞ்சத்தனம்தான் மேற்குப் பேரரசைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்காவை 439-இல் வண்டல் என்ற ஜெர்மானிய இனத்தாரிடம் இழந்தது, உள்நாட்டுப் போர்கள் என்று காரணங்கள் பல. ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பேரரசு சுருங்கச் சுருங்க, கொடுப்பதற்குப் பேரரசரிடம் பட்டம் மட்டும் மிஞ்சியது. கிழக்கில் கதை வேறு. கான்ஸ்டான்டிநோபிள் செனட் புதிதாக உண்டாக்கப்பட்டது. இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் காலத்தில் 300 பேரிலிருந்து 2000 பேராக வளர்ந்தது. அரசவை வாசலிலேயே குடியிருந்த அவர்களுக்கு அரண்மனையை விட்டால் வேறு பிழைப்பில்லை. பேரரசரும் அவர்களைக் கண்ணெதிரே வைத்திருந்தார்.

பேரரசர் போன பிறகு

476-இல் தளபதி ஒடோவேக்கர், மேற்கில் பேரரசராக இருந்த ரோமுலஸ் என்ற சிறுவனைப் பதவியிறக்கினார். ரோம் செனட் கிழக்குப் பேரரசர் ஜீனோவுக்குத் தூது அனுப்பியது: எங்களுக்குத் தனிப் பேரரசர் வேண்டாம், நீங்கள் ஒருவரே போதும், ஒடோவேக்கர் எங்களைப் பார்த்துக்கொள்வார். நாங்கள் அனுப்பிய இரண்டு பேரரசர்களில் ஒருவரைக் கொன்றீர்கள், ஒருவரைத் துரத்தினீர்கள் என்று ஜீனோ பதிலுக்குக் குத்திக்காட்டினார். பிரபுக்கள் பெரிதாக அசரவில்லை. ஒடோவேக்கரும், அவரைக் கொன்றுவிட்டு 493-இல் வந்த கோத்தியர் தியோடரிக்கும் கான்சல் பதவியைத் தொடர்ந்தார்கள், பட்டம் கொடுத்தார்கள், செனட்டுக்குப் பணிவான கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை எழுதிக்கொடுத்தவரே கசியோடோரஸ் என்ற இத்தாலியப் பிரபுதான். பழைய ஏற்பாட்டில் எதிர்த்தரப்பு ஆள் மட்டும் மாறியிருந்தார்.

நம் சிம்மாக்கஸின் வம்சத்தில் வந்த இன்னொரு சிம்மாக்கஸ் 485-இல் கான்சல். தியோடரிக்கின் பணத்தில் ரோமில் பாம்பேயின் நாடக அரங்கைப் பழுதுபார்த்தவர். அவருடைய மருமகன் போயத்தியஸ், பெரிய தத்துவ அறிஞர். 522-இல் போயத்தியஸின் இரண்டு மகன்களும் ஒரே சமயத்தில் கான்சல்கள் ஆனார்கள். அதைவிடப் பெரிய கௌரவத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. சில வருடத்துக்குள், கான்ஸ்டான்டிநோபிளோடு ரகசியத் தொடர்பு வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு செனட்டருக்காகப் பரிந்து பேசியதில் போயத்தியஸ் சிக்கினார். அவரும், அடுத்து மாமனார் சிம்மாக்கஸும் கொல்லப்பட்டார்கள். முதல் சிம்மாக்கஸை மன்னித்த தியடோசியஸ் வென்றுவிட்ட ஆள். வயதான தியோடரிக்கோ வாரிசும் உறுதியாக இல்லாமல், கிழக்கைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் மன்னிப்பை எதிர்பார்க்க முடியாது.

இந்தக் குடும்பங்களை உண்மையில் முடித்துக்கட்டியது கோத்தியர் ஆட்சியல்ல, ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் இத்தாலியை மீட்கிறேன் என்று 535-இல் தொடங்கிய போர். இருபது வருடம் நீடித்தது. செனட்டர்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள், பண்ணைகள் பாழாயின, முடிந்தவர்கள் கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஓடினார்கள். போருக்கு நடுவே 541-உடன் ஜஸ்டினியன் தனிமனிதர்களுக்குக் கான்சல் பதவி கொடுப்பதையே நிறுத்திவிட்டார். 554-இல் அவர் வெளியிட்ட ஆணை செனட்டர்களுக்குச் சொத்துரிமையை உறுதிசெய்தது, அரசவைக்கு வந்துபோகவும் அனுமதித்தது. மாகாண ஆளுநர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் ஊர்ப் பெரியவர்களோடு ஆயர்களையும் சேர்த்தது.

அந்த நூற்றாண்டின் கடைசியில் திருத்தந்தையான கிரகோரியார் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. இளவயதில் ரோம் நகர ஆளுநராக இருந்தவர் என்பது பொதுவான கருத்து. 590-க்குப் பிறகு, சிசிலியில் இருந்த திருச்சபை நிலங்களிலிருந்து தானியம் வரவழைத்து ரோமுக்குச் சோறு போட்டதும், இத்தாலிக்குள் புகுந்திருந்த லொம்பார்டியர் என்ற இனத்தாரோடு பேரம் பேசியதும், படைவீரர்களுக்குச் சம்பளம் கிடைக்க வழி பார்த்ததும் அவர்தான்.